தொழுவத்துப் பூனைகள் பெருகாமல் காப்பது எப்படி?

பிசான அறுவடை முடிந்து களத்தில் வைக்கோல் படப்பு போட்டதும், பூனைகள் அதற்குள் குட்டி போட இடம் தேடும். தென்காசி மாவட்டத்தில், சங்கரன்கோவிலுக்கு மேற்கே மலையடிவாரத்தில் உள்ள ராயகிரி போன்ற ஊர்களில் நெல்லும் கரும்பும் விளைகின்றன. தானியம் உள்ள இடத்தில் எலி உண்டு. எலி உள்ள இடத்துக்கு, யாரும் வளர்க்காத பூனைகளும் வந்து சேரும். ஒன்றிரண்டு பூனைகள் இருந்தால் நன்மையே. பத்து, பதினைந்து என்று பெருகும்போதுதான் தொல்லை தொடங்குகிறது.

பெட்டைப் பூனை 5, 6 மாத வயதிலேயே சினைப்படும். சினைக்காலம் 63 முதல் 65 நாட்கள். ஓர் ஈற்றுக்கு 3 முதல் 5 குட்டிகள் வரை போடும். குட்டிகளுக்குப் பால் கொடுக்கும்போதே மறுபடியும் சினைப்படக்கூடும். எனவே ஆண்டுக்கு 2, 3 ஈற்றுகள் சாதாரணம்.

விரட்டினால் தீருமா?

பலர் குட்டிகளைச் சாக்கில் கட்டி அடுத்த ஊரில் விட்டுவிடுகிறார்கள். தாயிடமிருந்து பிரிந்த குட்டி பசியால் சாகும். இங்கே எலியும் எச்சில் சோறும் இருக்கும்வரை வேறு பூனைகள் வந்து அந்த இடத்தைப் பிடித்துக்கொள்ளும். பட்டினி கிடக்கும்படி விலங்கைக் கைவிடுவதும், நஞ்சு வைப்பதும் 1960ஆம் ஆண்டின் மிருகவதைத் தடுப்புச் சட்டப்படி குற்றமாகும்.

இருக்கும் பூனைகளுக்குக் கருத்தடை செய்து, அதே இடத்தில் விடுவதே நிலையான வழி. இத்தாலியில் 1991ஆம் ஆண்டுச் சட்டமே இம்முறையை ஏற்று, தெருப் பூனைகளைக் கொல்லக் கூடாது, கருத்தடை செய்து அங்கேயே விட வேண்டும் என்று கூறுகிறது.

ஆடு வளர்ப்போர் கவனத்திற்கு

பூனையின் மலத்தில் டாக்சோபிளாஸ்மா என்ற ஒட்டுண்ணி இருக்கக்கூடும். அது கலந்த தீவனத்தைத் தின்னும் சினை ஆடுகளில் கருச்சிதைவு ஏற்படும். இளம் பூனைகளே இதை அதிகம் பரப்புகின்றன. ஆகவே ஆண்டுதோறும் புதுக் குட்டிகள் பிறப்பதைத் தடுத்தால் ஆடுகளுக்கும் பாதுகாப்பு. தீவன மூட்டைகளையும் தவிட்டுத் தொட்டியையும் மூடி வைக்க வேண்டும். கர்ப்பிணிப் பெண்கள் பூனை மலத்தை அள்ளக் கூடாது.

பிடிக்கும் முறை

முதல் இரண்டு வாரம், தினமும் ஒரே நேரத்தில் ஒரே இடத்தில் உணவு வைக்கவும். சோற்றுடன் வேகவைத்த மீன் தலையைப் பிசைந்து வைக்கலாம். உப்புக் கருவாடு ஆகாது. அரைமணி நேரத்தில் மிச்சத்தை எடுத்துவிட வேண்டும். இல்லையேல் அதுவே எலிக்கு விருந்தாகிவிடும். எத்தனை பூனைகள், அவற்றில் பெட்டை எத்தனை, கடுவன் எத்தனை என்று இந்த நாட்களில் எண்ணிக்கொள்ளலாம்.

பிறகு உணவைக் கூண்டுக்குள் வைத்துப் பழக்கவும். கையால் பிடித்தால் கடியும் கீறலும் நிச்சயம். கூண்டில் விழுந்ததும் சாக்கினால் மூடினால் பூனை அடங்கிவிடும். அருகிலுள்ள அரசு கால்நடை மருத்துவரிடம் முன்னதாகவே நாள் கேட்டுக்கொள்வது நலம். திருநெல்வேலி ராமையன்பட்டியில் உள்ள கால்நடை மருத்துவக் கல்லூரியிலும் விசாரிக்கலாம். நாலைந்து வீட்டார் சேர்ந்து ஒரே பயணத்தில் கொண்டு சென்றால் வண்டிச் செலவு குறையும்.

பெட்டைகளுக்கு முதலிடம் கொடுக்கவும். அறுவை முடிந்த பூனையின் இடது காது நுனியைச் சிறிது கத்தரிக்கச் சொன்னால் பிறகு அடையாளம் தெரியும். அப்போதே வெறிநோய்த் தடுப்பூசியும் போட்டுவிட வேண்டும். மயக்கம் முழுவதும் தெளிந்த பிறகே, பிடித்த இடத்தில் விட வேண்டும்.

படப்பில் குட்டிகளைக் கண்டால்

உடனே தூக்கக் கூடாது. தாய் இரைக்குச் சென்றிருக்கும். சில மணி நேரம் தள்ளி நின்று கவனிக்கவும். தாய் வராமல், குட்டி சில்லிட்டிருந்தால் முதலில் துணியில் சுற்றிச் சூடேற்றவும். சில்லிட்ட குட்டிக்குப் பால் புகட்டினால் செரிக்காமல் இறந்துவிடும். பசும்பால் பேதி உண்டாக்கும். குட்டிகளுக்கான பால்மாவை மருத்துவரிடம் கேட்டு வாங்கவும். குட்டியைக் குப்புற வைத்தே புகட்ட வேண்டும். மூன்று வாரம் வரை, பால் கொடுத்தபின் ஈரப் பஞ்சால் அடிப்புறத்தை வருடினால்தான் சிறுநீர் கழிக்கும்.

குட்டிகள் 8 வாரம் ஆனதும் தாய்க்குக் கருத்தடை செய்யலாம். மனிதரிடம் பழக்க விரும்பினால் 7 வாரத்துக்குள் தொட்டுத் தூக்கிப் பழக்க வேண்டும். அதற்குமேல் கடினம்.

கரும்புத் தோட்டத்தில் அறுவடையின்போது காணப்படும் குட்டிகள் காட்டுப்பூனையுடையவையாகவும் இருக்கலாம். இது 1972ஆம் ஆண்டு வன உயிரினச் சட்டப்படி பாதுகாக்கப்பட்டது. அங்கேயே விட்டு வனத்துறைக்குத் தெரிவிக்கவும். மகாராஷ்டிரத்தில் ஜுன்னர் வட்டாரக் கரும்புத் தோட்டங்களில், இவ்வாறு கிடைத்த குட்டிகளை வனத்துறையினர் தாயிடமே சேர்த்து வருகிறார்கள்.

செய்யக் கூடாதவை

பூனை உலவும் இடத்தில் எலி மருந்து வைக்கக் கூடாது; மருந்து தின்ற எலியைத் தின்று பூனையும் சாகும். மாட்டு உண்ணிக்குத் தெளிக்கும் மருந்தைப் பூனைமேல் தடவக் கூடாது. மனிதர் உண்ணும் பாரசிட்டமால் பூனைக்குக் கொடிய நஞ்சு. பூனை கடித்தால் சோப்புப் போட்டு 15 நிமிடம் ஓடும் நீரில் கழுவி, உடனே ஆரம்ப சுகாதார நிலையம் செல்ல வேண்டும்.

பூனையால் எலி முழுதும் ஒழிந்துவிடும் என்றும் எண்ண வேண்டாம். சுண்டெலியைப் பிடிக்கும், பெருச்சாளியை நெருங்காது. வயல் எலிக்குத் தஞ்சாவூர் கிட்டி வைப்பதும், ஆந்தை வந்து அமரக் குச்சி நடுவதும் அவசியமே. ஆனால் கருத்தடை செய்து, வயிறு நிறைந்த நாலு பூனைகள் தொழுவத்தில் இருந்தால், சண்டையும் இரவுக் கூச்சலும் குறையும். படப்பில் பட்டினியால் சாகும் குட்டிகளும் இரா. அடுத்த அறுவடைக்கு முன் இப்போதே ஒரு கூண்டுக்கு ஏற்பாடு செய்துகொள்வது நல்லது.