வளரும் பிள்ளைகளும் உடற்பயிற்சியும்



முதலாந் தவணை வந்துவிட்டால், நம் பாடசாலைகளில் இல்ல விளையாட்டுப் போட்டிகள் களைகட்டுவது வழக்கம். மைதானத்திலே சுண்ணாம்புக் கோடுகள் விழுகின்றன. இல்லங்களின் கொடிகள் பறக்கின்றன. கண்ணுக்கினிய காட்சிதான். ஆயினும், அங்கே மரதன் ஓட்டத்திற்கு அணிவகுத்து நிற்கும் பிள்ளைகளைக் காணும்பொழுது, ஒரு வினா நம் உள்ளத்தில் எழவேண்டும். இன்று வெயிலிலே பல கிலோமீற்றர் ஓடப்போகும் இப்பிள்ளை, சென்ற மாதத்தில் எத்தனை நாள் ஓடிப் பழகியது?

2024 ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில், கிழக்கிலங்கையிலே பாடசாலை மரதன் ஓட்டமொன்றிற் கலந்துகொண்ட பதினாறு வயது மாணவர் ஒருவர் உயிரிழந்தார். வெப்பம் மிகுந்திருந்த நாள்கள் அவை. அம்மரணத்தின் காரணத்தை ஆராய்வது மருத்துவர்க்கு உரிய பணி. நாம் அதனுட் புகவில்லை. எனினும், அச்செய்தியைக் கேட்ட பெற்றோர் சிலர், தம் பிள்ளை இனி ஓடவே வேண்டாம் என எண்ணியிருத்தல் கூடும். அவ்வச்சம் இயல்பானதே. ஆனால், ஓட்டத்தை விலக்குவதனாற் பிள்ளைக்குக் காப்பு உண்டாகாது. நாள்தோறும் அளவோடு பழகுவதனாலேயே உண்டாகும்.

எங்ஙனமெனிற் கூறுவோம். உடல் உழைக்கும்போது தசைகள் வெப்பத்தைப் பிறப்பிக்கின்றன. வியர்வை காய்ந்து ஆவியாகும்போது அவ்வெப்பம் நீங்குகின்றது. நம் நாட்டிலோ காற்றில் ஈரப்பதம் மிகுதி. ஆதலின் வியர்வை எளிதிற் காய்வதில்லை. வெப்பத்தில் உழைக்கப் பழகாத உடல், அதற்கு இசைவுபெற ஏறக்குறைய இரண்டு வாரம் வேண்டும். ஆண்டு முழுவதும் கதிரையில் அமர்ந்திருந்த பிள்ளையை ஒரே நாளிற் பந்தயக் குதிரையாக்க முனைவது எத்துணைத் தவறு என்பது இதனால் விளங்கும்.

அப்படியாயின், எவ்வளவு பயிற்சி வேண்டும்? உலக சுகாதார நிறுவனம் 2020 ஆம் ஆண்டு வெளியிட்ட வழிகாட்டலின்படி, ஐந்து முதற் பதினேழு வயது வரையுள்ளோர் நாளொன்றுக்குச் சராசரி 60 நிமிடம் உடலை நன்கு இயக்குதல் வேண்டும். அவற்றுள், மூச்சு விரைவாக வாங்கும் கடும் இயக்கமும், தசையையும் எலும்பையும் வலுப்படுத்தும் இயக்கமும் வாரத்தில் மூன்று நாளேனும் இடம்பெறுதல் நன்று. அறுபது நிமிடமும் ஒரேயடியாக அமையவேண்டும் என்பதில்லை. பாடசாலைக்கு நடந்தோ துவிச்சக்கரவண்டியிலோ செல்வதும் கணக்கிற் சேரும்; மாலையிற் கயிறு தாண்டுவதும் சேரும். நம் முன்னோர் ஆடிய கிளித்தட்டை எண்ணிப் பாருங்கள். ஓட்டம், திடீரென நிற்றல், வளைந்து திரும்புதல் அனைத்தும் அதில் உள. செலவோ எதுவுமில்லை, நிலத்திற் கோடு கீறினாற் போதும்.

உலகெங்கும் பதினொன்று முதற் பதினேழு வயது வரையுள்ள மாணவருள் நூற்றுக்கு 81 பேர் போதிய அளவு உடலை இயக்குவதில்லை என 2016 ஆம் ஆண்டுத் தரவுகள் காட்டின. ஆண்பிள்ளைகளுள் 78 பேர். பெண்பிள்ளைகளுள் 85 பேர். பெண்பிள்ளை பருவமடைந்ததும் முற்றத்து விளையாட்டை நிறுத்திவிடும் வழக்கம் நம்மிடையே இன்னும் முற்றாக மறையவில்லை. எலும்பு வலுப்பெறும் காலமும் அதுவே. அப்பொழுது சேராத வலிமையைப் பின்னர் ஈட்டுதல் அரிது. தாய்மார் இதனைச் சிந்தித்தல் வேண்டும்.

பயிற்சியிற் கருத்திற் கொள்ளவேண்டியன சில உள. நண்பகல் வெயிலைத் தவிர்த்து, காலையோ மாலையோ தொடங்குக. முதற் பத்து நிமிடம் மெல்ல நடந்தும் ஓடியும் உடலைச் சூடேற்றுக. இடையிடையே நீர் அருந்தச் செய்க. ஓடும் தூரத்தை வாரந்தோறும் சிறிது சிறிதாகவே கூட்டுக. வளரும் எலும்புகளின் முனையில் மென்மையான வளர்ச்சிப் பகுதி உண்டு. ஆதலின் முழங்காலிலோ குதிக்காலிலோ நீங்காத வலி இருப்பின் அதனை அலட்சியம் செய்யாதீர்கள். காய்ச்சல் கண்ட பிள்ளை முற்றாகத் தேறும்வரை ஓடலாகாது. ஓடும்போது மயங்கி விழுந்த பிள்ளையும், நெஞ்சுவலி கண்ட பிள்ளையும், இளவயதிலே திடீர் மரணம் நேர்ந்த குடும்பத்துப் பிள்ளையும் மருத்துவரைக் கண்ட பின்னரே போட்டியிற் சேரவேண்டும்.

வெயிலில் ஓடிய பிள்ளை தள்ளாடினாலோ, பிதற்றினாலோ, வாந்தி எடுத்தாலோ உடனே நிழலிற் கிடத்துங்கள். உடலெங்கும் தண்ணீர் ஊற்றி விசிறுங்கள். நினைவு தடுமாறியிருப்பின் வாயில் எதனையும் புகட்டாதீர்கள். 1990 என்னும் இலக்கத்துக்கு அழைத்தால் இலவச அம்புலன்ஸ் வண்டி வரும். அது வரும்வரை உடலைக் குளிர்விப்பதை நிறுத்தலாகாது.

பாடசாலை விட்டதும் தனியார் வகுப்பு. அது முடிந்ததும் வீட்டுப்பாடம். எஞ்சிய பொழுதிற் கைத்தொலைபேசி என்று நம் பிள்ளைகளின் நாள் கழிகின்றது. அந்நாளில் ஒரு மணி நேரத்தை மைதானத்துக்கென ஒதுக்கிக் கொடுங்கள். இயலுமாயின் நீங்களும் உடன் செல்லுங்கள். அவ்வாறு பழகிய பிள்ளை, அடுத்த தவணையிற் கோட்டருகே நிற்கும்போது, நீங்கள் அச்சமின்றிக் கைதட்டலாம்.