சீட் வேறு, வசதி வேறு: கற்றல் குறைபாட்டோடு நர்சிங் படிக்கப் போகிறவர்களுக்கு

அந்தமானின் வண்டூரிலிருந்து ஸ்ரீ விஜயபுரம் ஏறக்குறைய 25 கிலோமீட்டர். 2024 செப்டம்பரில் பெயர் மாறினாலும் போர்ட் பிளேர் என்றுதான் இன்னும் வாயில் வருகிறது. ஜாலி பாய் தீவுக்குப் படகேற வருகிற சுற்றுலாக்காரர்கள் அந்த ரோட்டில் எதிர்த்திசையில் வருகிறார்கள். வண்டூர்ப் பிள்ளைகள் மேற்படிப்புக்கும் பெரிய ஆஸ்பத்திரிக்கும் மெடிக்கல் போர்டுக்கும் அதே ரோட்டில் போகிறார்கள்.

வண்டூரில் பன்னிரண்டாம் வகுப்பு முடித்த ஒரு பெண்ணை நினைத்துக்கொள்ளுங்கள். வீட்டில் பாட்டிக்கு இன்சுலின் போடுகிறவள் அவள்தான். வேளை தவறியதில்லை, அளவு தவறியதில்லை. ஆனால் பாடப் புத்தகத்தில் ஒரு பக்கத்தைப் படித்து முடிப்பதற்குள் மற்றவர்கள் நான்கு பக்கம் தாண்டியிருப்பார்கள். 'வாயால கேட்டா கடகடன்னு சொல்றா, எழுதச் சொன்னா ஒண்ணுமே இல்ல' என்று பள்ளிக்கூடத்தில் சொல்லியிருப்பார்கள். கவனக்குறைவு, சோம்பேறி, மக்கு என்ற பட்டங்களும் கிடைத்திருக்கும். அவளுக்கு இருப்பது குறிப்பிட்ட கற்றல் குறைபாடு. வாசிப்பதில் வந்தால் டிஸ்லெக்சியா, எழுதுவதில் டிஸ்கிராபியா, கணக்கில் டிஸ்கால்குலியா. அறிவுத்திறன் குறையாமலேயே இவை வரும். அவள் நர்சிங் படிக்க ஆசைப்படுகிறாள். படிக்க முடியுமா, யாரிடம் என்ன கேட்கலாம் என்பதுதான் இந்தக் கட்டுரை.

தீவுகளில் நர்ஸ் என்ற சொல்லுக்கு எடை அதிகம். லிட்டில் அந்தமானின் டுகாங் கிரீக்கில் ஓங்கே பழங்குடி மக்களோடு இருந்து, 2004 சுனாமியையும் அவர்களோடு கடந்த சாந்தி தெரசா லக்ரா, ஏ.என்.எம். எனப்படும் துணைச் செவிலியர் படிப்பு படித்தவர். 2011-ல் அவருக்குப் பத்மஸ்ரீ கிடைத்தது. டாக்டர் எட்டாத இடத்தில் மருத்துவம் என்றாலே நர்ஸ்தான் என்பதை இந்தத் தீவுகளில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை.

முதலில் கசப்பான செய்தியைச் சொல்லிவிடுகிறேன். 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம் 21 வகைக் குறைபாடுகளை அங்கீகரிக்கிறது. கற்றல் குறைபாடும் அதில் ஒன்று. அரசு மற்றும் அரசு உதவி பெறும் உயர்கல்வி நிறுவனங்கள், 40 சதவீதமும் அதற்கு மேலும் குறைபாடு உள்ளவர்களுக்குக் குறைந்தது 5 சதவீத இடங்களை ஒதுக்க வேண்டும் என்கிறது 32-ஆம் பிரிவு. ஆனால் இந்திய நர்சிங் கவுன்சில் 2021-ல் வெளியிட்ட பி.எஸ்சி. நர்சிங் விதிமுறைகள் அந்த 5 சதவீதத்தை, காலில் 40 முதல் 50 சதவீதம் வரை இயக்கக் குறைபாடு உள்ளவர்களுக்கு மட்டும் என்று சுருக்கிவிட்டன. சட்டம் 21 வகைக்கும் திறந்த கதவை விதிமுறை ஒரே வகைக்கு ஒருக்களித்து வைத்திருக்கிறது. இது சரியில்லை என்பது என் உறுதியான கருத்து. மருத்துவப் படிப்பில் கற்றல் குறைபாடு உள்ளவர்களும் ஒதுக்கீட்டில் வருகிறார்கள். அங்கும் 2019-ல் வந்த வழிகாட்டுதல், இந்தக் குறைபாட்டை அளக்க அளவுகோல் இல்லை, 40 சதவீதம் என்ற எல்லைக்கு ஆதாரம் போதாது என்று தானே அடிக்குறிப்பில் ஒப்புக்கொண்டது. டாக்டர் ஆகலாம் என்று வழிவிட்ட பிறகு நர்ஸ் ஆவதற்கு மட்டும் ஏன் தடை என்று எந்த அதிகாரியிடமும் கேட்கலாம்.

விண்ணப்பிக்கும் ஆண்டின் புரோஸ்பெக்டஸை வரி விடாமல் படித்துப் பாருங்கள், விதிகள் மாறும். 2023-ல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய தேசிய நர்சிங், மருத்துவச்சிப் பணி ஆணையச் சட்டம் பழைய கவுன்சிலின் இடத்தில் புதிய ஆணையத்தைக் கொண்டுவருவதற்கானது. விதி மாறும்வரை கற்றல் குறைபாடு உள்ள மாணவி பொதுவான மதிப்பெண் வழியிலோ தன் சமூக ஒதுக்கீட்டிலோதான் சீட் வாங்க வேண்டியிருக்கும்.

பெரும்பாலான குடும்பங்கள் இந்த இடத்தில்தான் தவறு செய்கின்றன. 'கோட்டா கிடையாதுன்னுட்டாங்க, இனி சர்டிபிகேட் எதுக்கு?' என்று அதைப் பீரோவில் வைத்துப் பூட்டிவிடுகிறார்கள். சீட் வேறு, வசதி வேறு. எந்த வழியில் சேர்ந்தாலும், சேர்ந்த பிறகு தேர்வில் கூடுதல் நேரம் கேட்கும் உரிமை அப்படியே இருக்கிறது. சட்டத்தின் 16-ஆம் பிரிவு, அரசு நிதி பெறும் கல்வி நிறுவனங்களோடு அரசு அங்கீகாரம் பெற்றவற்றையும் சேர்த்தே சொல்கிறது: அந்தந்த மாணவரின் தேவைக்கு ஏற்ப நியாயமான வசதிகளைச் செய்து தர வேண்டும். ஆகவே 'நாங்க பிரைவேட் காலேஜ், எங்களுக்கு அது பொருந்தாது' என்ற பதில் செல்லாது. 17-ஆம் பிரிவு கூடுதல் நேரத்தையும், சொல்வதை எழுதுபவரையும் பெயர் சொல்லியே குறிப்பிடுகிறது. நியாயமான வசதியை மறுப்பதே பாகுபாடு என்கிறது சட்டத்தின் வரையறை.

குறைபாடு 40 சதவீதத்துக்குக் கீழே இருந்தால்? அதற்கும் விடை உண்டு. கை எழுத முடியாமல் இழுத்துக்கொள்ளும் ரைட்டர்ஸ் கிராம்ப் உள்ள ஒருவருக்குச் சிவில் சர்வீஸ் தேர்வில் உதவியாளர் மறுக்கப்பட்டது. அந்த விகாஷ் குமார் வழக்கில் 2021 பிப்ரவரி 11 அன்று உச்ச நீதிமன்றம், 40 சதவீதம் என்பது ஒதுக்கீட்டுக்கான எல்லை, தேர்வு வசதிக்கான எல்லை அதுவல்ல என்று சொன்னது. அதே ஆண்டு நவம்பர் 23-ல் வந்த அவ்னி பிரகாஷ் வழக்கு இன்னும் நெருக்கமானது. டிஸ்கிராபியா உள்ள மாணவி. நீட் தேர்வில் அவளுக்குச் சேர வேண்டிய ஒரு மணி நேரம் தரப்படவில்லை. மற்றவர்களோடு சேர்த்து விடைத்தாளை வாங்கிக்கொண்டார்கள். செய்தது தவறு, அதைச் சரிசெய்ய வழி பார்க்க வேண்டும் என்று தேர்வு முகமைக்கு உத்தரவிட்ட நீதிமன்றம், மறுதேர்வு மட்டும் தரவில்லை. வழக்கில் ஜெயித்தாலும் போன அந்த ஒரு மணி நேரம் திரும்பி வரவில்லை. அதனால்தான் எதையும் தேர்வுக்கு முன்பே, எழுத்திலேயே உறுதிசெய்துகொள்ளச் சொல்கிறேன்.

சான்றிதழில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. 2018 ஜனவரியில் மத்திய அரசு வெளியிட்ட மதிப்பீட்டு வழிமுறைகளின்படி, 8 வயதுக்கு மேல்தான் கற்றல் குறைபாட்டுக்குச் சான்று என்று இருந்தது. 14 வயதில் மறுபடி, 18 வயதில் மறுபடி. 18-ல் வாங்கும் சான்று ஆயுள் முழுக்கச் செல்லும். இப்போதைய விதி என்ன என்று போர்டில் கேட்டு உறுதிசெய்துகொள்ளுங்கள். பி.எஸ்சி. நர்சிங்கில் சேர 17 வயது போதும். அதாவது, பழைய சான்றோடு சேர்கிற பெண்ணுக்கு முதலாண்டு நடுவிலேயே 18 முடிந்து, கையில் இருப்பது பழைய தாளாகிவிடலாம். அவள் சென்னையிலோ கோவையிலோ ஹாஸ்டலில் இருந்தால் மூன்று நாள் கப்பலோ, கொள்ளை விலை விமான டிக்கெட்டோதான் வழி. ஆகவே 18 நிறைகிற தேதியை ஒட்டி வரும் விடுமுறையிலேயே புதுப்பிக்கத் திட்டமிடுங்கள். இடைக்காலத்துக்கு, புதுச் சான்றுக்கு விண்ணப்பித்த ஒப்புகையைக் கல்லூரியில் கொடுத்து வையுங்கள்.

சான்றுக்கான விண்ணப்பத்தை, மாற்றுத்திறனாளி அடையாள அட்டைக்கான யு.டி.ஐ.டி. இணையதளத்தில்தான் போடவேண்டும். பரிசோதனையில் முதலில் கண்ணும் காதும் சரியா என்று பார்ப்பார்கள். பிறகு அறிவுத்திறன் சோதனை. அதன் பிறகே வாசிப்பு, எழுத்து, கணக்குச் சோதனைகள். இதில் மருத்துவரோடு மருத்துவ உளவியலாளரும் வேண்டும். தீவுகளில் பெரிய அரசு மருத்துவமனை ஜி.பி. பந்த். உளவியலாளர் எந்த நாளில் பார்ப்பார் என்று கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகு பஸ் ஏறினால் ஒரு நாள் வீணாகாது. பள்ளி நோட்டுகள், பழைய விடைத்தாள்கள், சி.பி.எஸ்.இ. தேர்வில் கூடுதல் நேரம் வாங்கியிருந்தால் அந்த அனுமதிக் கடிதம், எல்லாவற்றையும் எடுத்துப் போங்கள். மூன்று மணி நேரத் தேர்வுக்கு ஒரு மணி நேரம் கூடுதலாகத் தருவது சி.பி.எஸ்.இ.யில் வழக்கம். சிறு வயதிலிருந்தே இந்தச் சிரமம் இருந்ததற்கு அந்தக் கடிதம் நல்ல சாட்சி.

தமிழ்வழியில் படித்த பிள்ளைக்கு ஆங்கிலம் தடுமாறுவது மட்டும் கற்றல் குறைபாடு ஆகாது. தமிழிலேயே வாசிக்கும்போது எழுத்து குழம்புகிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். மருத்துவர் முடிவு ஏற்புடையதாக இல்லையென்றால் 59-ஆம் பிரிவின்படி மேல்முறையீடு உண்டு. 'சர்டிபிகேட் நான் வாங்கித் தர்றேன், இவ்வளவு ஆகும்' என்று யாராவது வந்தால் அன்றே விலகிவிடுங்கள். பொய்ச் சான்றில் சலுகை பெற்றாலோ பெற முயன்றாலோ இரண்டாண்டு வரை சிறை, ஒரு லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும். அதோடு, உண்மையான குறைபாடு உள்ள பிள்ளைகளையும் அது சந்தேகத்துக்கு ஆளாக்கும்.

இனி, வசதிகளைக் கேட்பது எப்படி என்று பார்ப்போம். சேர்ந்த முதல் வாரத்திலேயே முதல்வருக்குக் கடிதம் கொடுங்கள். வாய்ச்சொல்லாகக் கேட்டால் 'பாக்கலாம்மா' என்பார்கள். அந்தப் பேச்சு பரீட்சை ஹால் வரை வராது. கடிதம் ஒரு பக்கம் போதும். எனக்குக் குறிப்பிட்ட கற்றல் குறைபாடு உள்ளது, சான்றின் நகலை இணைத்திருக்கிறேன், மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டத்தின் 16, 17 பிரிவுகளின்படி இந்த வசதிகளைக் கோருகிறேன் என்று தொடங்கி, வேண்டியதைத் தனித்தனியாக எழுதுங்கள். உள்தேர்விலும் பல்கலைக்கழகத் தேர்விலும் மணிக்கு 20 நிமிடம் கூடுதல். தேவைப்பட்டால் சொல்வதை எழுதுபவர். எழுத்துப்பிழைக்காக மதிப்பெண் குறைக்காமை, மருந்தின் பெயர் தவிர. வகுப்பை ஒலிப்பதிவு செய்ய அனுமதி. பாடக் குறிப்புகள் முந்தின நாளே. அரசு நடத்தும் எழுத்துத் தேர்வுகளுக்கான வழிகாட்டுதலும் மணிக்கு 20 நிமிடத்துக்குக் குறையக் கூடாது என்றே சொல்வதால், இது புதிய கோரிக்கை ஆகாது. பல்கலைக்கழகத் தேர்வுக்கான அனுமதியைப் பல்கலைக்கழகம்தான் தரவேண்டும். கல்லூரி வழியாக அது போய்ச் சேர்ந்ததா என்று நீங்களே விசாரியுங்கள். நகலில் அலுவலக முத்திரையும் தேதியும் வாங்காமல் நகராதீர்கள். யார் யாருக்கு இந்த விவரம் தெரிய வேண்டும் என்பதையும் கடிதத்திலேயே வரையறுக்கலாம். அதை வகுப்பறையில் அறிவிக்கும் உரிமை யாருக்கும் இல்லை.

மருந்துப் பெயரை நான் விலக்கியதற்குக் காரணம் இருக்கிறது. 'நோயாளி உயிரோட விளையாடறதா?' என்று ஆசிரியர்கள் கேட்பது வெறும் சாக்கு என்று நான் நினைக்கவில்லை. டோபமைன், டோபுடமைன் என்று காதுக்கும் கண்ணுக்கும் ஒன்றுபோல இருக்கும் மருந்துகள் உண்டு. 0.5-க்கும் 5-க்கும் நடுவில் பத்து மடங்கு மருந்து இருக்கிறது. இந்த ஆபத்து வாசிப்புச் சிரமம் இல்லாத நர்சுக்கும் உள்ளதுதான்; அதனால்தான் மருத்துவமனைகளே வழிகளைக் கண்டுபிடித்து வைத்திருக்கின்றன. ஒத்த பெயர்களில் வேறுபடும் எழுத்துகளை மட்டும் பெரிதாக அச்சிடுவது, புள்ளிக்கு முன் பூஜ்யத்தை விடாமல் எழுதுவது, முழு எண்ணுக்குப் பின் புள்ளியும் பூஜ்யமும் போடாமலிருப்பது, இன்சுலின், ஹெப்பாரின், பொட்டாசியம் குளோரைடு போன்றவற்றை இன்னொரு நர்ஸ் தனியாகக் கணக்குப் போட்டுச் சரிபார்ப்பது. கற்றல் குறைபாடுள்ள மாணவி கேட்க வேண்டியது, இந்த வழக்கங்களை ஒரு நாளும் தளர்த்தாத வார்டை. அதற்கு மேல், மருந்துக் கணக்குப் போடும்போது கால்குலேட்டர், யாரும் நடுவில் கூப்பிடாத ஐந்து நிமிடம், டியூட்டி மாறும்போது நிரப்ப அச்சிட்ட படிவம், வாயால் சொன்ன உத்தரவைத் திருப்பிச் சொல்லி உறுதிசெய்யும் வழக்கம். 5 மில்லியில் 250 மில்லிகிராம் உள்ள சிரப்பில் 500 மில்லிகிராம் வேண்டுமென்றால் 10 மில்லி. இந்தக் கணக்கை அவள் நிதானமாகப் போட்டுக் காட்டட்டும், ஆனால் போட்டே காட்ட வேண்டும். அதில் விலக்கு கேட்கக் கூடாது. பிரிட்டனின் ராயல் காலேஜ் ஆஃப் நர்சிங் 2010-லேயே டிஸ்லெக்சியா உள்ள நர்சுகளுக்கென்று தனிக் கையேடு வெளியிட்டது; அவர்கள் ஏற்கெனவே வார்டில் இருக்கிறார்கள் என்பதே அதன் அடிப்படை.

கேட்கும் வசதிக்கு எல்லை எங்கே என்பதற்கு ஒரு பழைய வழக்கு. அமெரிக்காவின் வட கரோலினாவில் செவித்திறன் குறைந்த ஒரு பெண் நர்சிங் சேரக் கேட்டார். கல்லூரி மறுத்தது. 1979-ல் அந்நாட்டு உச்ச நீதிமன்றமும் கல்லூரியின் பக்கமே நின்றது. வார்டுப் பயிற்சியை நீக்குகிற அளவுக்குப் படிப்பையே மாற்றச் சொல்ல முடியாது என்றது. எனக்கு அந்தத் தீர்ப்பில் உடன்பாடில்லை. ஆனால் இன்றும் எதிர்த்தரப்பு எடுக்கும் வாதம் அதுதான். நம் சட்டத்திலும் நிறுவனத்துக்கு அளவுக்கு மீறிய சுமை தராத வசதி என்றுதான் சொல்லியிருக்கிறது. 2024 அக்டோபரில் ஓம்கார் கோண்ட் வழக்கில் நம் உச்ச நீதிமன்றம் வேறு திசை காட்டியது: சதவீதத்தை வைத்து மட்டும் எம்.பி.பி.எஸ். மாணவரை விலக்கக் கூடாது, அந்தப் படிப்பை அவரால் முடிக்க முடியுமா என்று போர்டு ஆராய்ந்து பதிவுசெய்ய வேண்டும். நர்சிங்கில் 'ஃபிட் இல்லை' என்று ஒற்றை வரியில் எழுதினால், காரணத்தை எழுத்தில் கேட்க இந்தத் தீர்ப்பு துணைக்கு வரும்.

மறுத்துவிட்டால்? தனியார் கல்லூரி என்றாலும் அரசு என்றாலும், அந்த மாநிலத்தின் அல்லது யூனியன் பிரதேசத்தின் மாற்றுத்திறனாளிகள் ஆணையரிடம் போகலாம். தமிழ்நாட்டில் படித்தால் தமிழ்நாட்டு ஆணையர், இங்கே படித்தால் இங்குள்ளவர். ஆணையர் தருவது பரிந்துரைதான். ஆனால் அதன்மேல் என்ன செய்தோம் என்று மூன்று மாதத்துக்குள் சம்பந்தப்பட்டவர்கள் பதில் சொல்லியாக வேண்டும். சட்டத்தை மீறினால் முதல் முறை 10,000 ரூபாய் வரை, அடுத்த முறை 50,000 முதல் 5 லட்சம் வரை அபராதம் விதிக்க 89-ஆம் பிரிவு இருக்கிறது.

தேர்வு நாள் நெருங்கிவிட்டால் மூன்று மாதம் காத்திருக்க முடியாது. அப்போது உயர் நீதிமன்றம். அதற்காகக் கொல்கத்தாவுக்குக் கப்பல் ஏற வேண்டாம். கல்கத்தா உயர் நீதிமன்றத்தின் சர்க்யூட் பெஞ்ச் ஸ்ரீ விஜயபுரத்திலேயே கூடுகிறது. வக்கீலுக்குப் பணமில்லை என்பவர்களுக்கு 1987-ஆம் ஆண்டு சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டம் இருக்கிறது. அதன் 12-ஆம் பிரிவு மாற்றுத்திறனாளிகளுக்கும் பெண்களுக்கும் இலவச வக்கீலைத் தருகிறது. பெண்ணாக இருந்தால் வருமானச் சான்றுகூடக் கேட்க மாட்டார்கள். 15100 என்ற எண்ணுக்குப் பேசுங்கள். பேசுவதற்கு முன், முத்திரை குத்தி வாங்கிய அந்தக் கடித நகலைக் கையில் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்; எந்தத் தேதியில் கேட்டீர்கள் என்பதைத்தான் முதலில் விசாரிப்பார்கள்.