வீட்டில் செய்யும் யந்திர மனிதனின் முழங்கை

அறிவியற் கண்காட்சிகளுக்குப் பெயர் கொடுக்கும் கடைசித் தேதி நெருங்க நெருங்க, மனித உருவில் ஒரு யந்திரத்தை வீட்டிலேயே செய்து நிறுத்திவிட வேண்டுமென்ற உற்சாகத்தோடு வாசகர்கள் எழுதும் கடிதங்கள் பெருகிவருகின்றன. அவர்களில் அநேகர் பிரெஞ்சுச் சிற்பியாகிய கயேல் லான்ஜ்வான் 2012-இல் ஒரு செயற்கைக் கையோடு தொடங்கி, பிறகு ஆளுயர உருவமாக வளர்த்த ‘இன்மூவ்’ என்னும் வடிவமைப்பையே பின்பற்றுகிறவர்கள். அவர்களுடைய சந்தேகங்களும் ஏறத்தாழ ஒரே இடத்தில்தான் வந்து முட்டி நிற்கின்றன. முப்பரிமாண அச்சு, ஆர்டுயினோ பலகை ஆகியவற்றை இன்று பள்ளிப் பிள்ளைகளே அறிவார்களாதலால் அவற்றைப் பற்றி இங்கே ஒன்றும் சொல்லப்போவதில்லை. விலை கொடுத்து வாங்கிய புத்தம் புதிய சர்வோ மோட்டாரைப் பிரித்து, அதன் வயிற்றிலிருந்து ஓர் உறுப்பை எடுத்து முழங்கையில் பொருத்தும்படி செய்முறை கூறுகிறதே, அது ஏன் என்பதே கேள்வி.

பன்னிரண்டு சென்டிமீட்டர் கனசதுரத்துக்குள் அச்சிடக்கூடிய எந்த வீட்டு யந்திரத்தைக் கொண்டும் இவ்வுருவத்தைச் செய்துவிடலாம் என்பது திட்டத்தார் தரும் இலக்கணம். அச்சு யந்திரத்தின் அளவைக் கூறிவிட்டு, சால்டரிங் பிடிக்கும் கையின் பயிற்சியைக் கூறாமல் விட்ட இலக்கணம் அது. மோட்டார் விற்பவர்கள் தரும் எண்களிலும் இதே சாமர்த்தியம் உண்டு. எம்ஜி 996 ஆர் என்ற சர்வோவுக்கு 6 வோல்ட்டில் 11 கிலோ-சென்டிமீட்டர் திருப்புவிசை உண்டென்று பெட்டியில் அச்சிட்டிருப்பதைக் கண்டு, பதினொரு கிலோவைக் கை தூக்கிவிடும் என்று நம்பி எழுதுவோர் பலர். சுழலும் அச்சிலிருந்து ஒரே ஒரு சென்டிமீட்டர் தூரத்தில்தான் அந்தப் பதினொரு கிலோ. 25 சென்டிமீட்டர் நீளமுள்ள முன்கையின் நுனிக்குப் போய்ச் சேரும்போது அது 440 கிராமாகச் சுருங்கிவிடுகிறது. அந்த 440 கிராமும், மோட்டார் மேற்கொண்டு அசைய மாட்டாமல் ஸ்தம்பித்துச் சூடேறிக்கொண்டிருக்கும் நிலையில் கிடைப்பதேயன்றி, நிம்மதியாக வேலை செய்யும் நிலையில் கிடைப்பதன்று. இன்மூவின் முன்கைக்குள்ளேயோ, தூண்டில் நரம்பால் விரல்களை இழுப்பதற்கு ஐந்து, மணிக்கட்டைத் திருப்புவதற்கு ஒன்று என, ஒவ்வொன்றும் 55 கிராம் எடையுள்ள ஆறு சர்வோக்கள் இருக்கின்றன. ஆக, முழங்கை எதையாவது தூக்குவதற்கு முன்பே தன் சொந்தக் கையைத் தூக்கியாக வேண்டும்.

இதற்காக முழங்கைக்குப் பெரிய சர்வோவைப் போடுகிறார்கள். எச்எஸ் 805 பிபி என்ற அந்தச் சர்வோவின் திருப்புவிசை 24.7 கிலோ-சென்டிமீட்டர் என்றாலும், மேற்சொன்ன கணக்குப்படி கையின் நுனியில் ஒரு கிலோவுக்குச் சற்றுக் குறைவே. எனவே அதன் அச்சில் ஒரு திருகைப் பொருத்தி, அத்திருகு ஒரு பற்சக்கரத்தை மெல்ல மெல்லத் தள்ளும்படி அமைத்திருக்கிறார் லான்ஜ்வான். திருகு பல சுற்றுச் சுற்றினால் கை சிறிதளவு மடங்கும். வேகம் குறைந்த அளவுக்கு விசை பெருகும். லாரிக்கு அடியில் வைக்கும் ஜாக்கியைப் போல, சுற்றுவதை நிறுத்தினாலும் பாரம் திருகைப் பின்னோக்கித் திருப்பிவிடாது; மின்சாரம் நின்றாலும் உயர்த்திய கை உயர்ந்தபடியே இருக்கும். ஆனால் சாதாரண சர்வோ அரைச் சுற்றுக்கு மேல் சுற்றாதே!

சுற்றாததற்குக் காரணம் இரண்டு. ஒன்று, கடைசிப் பற்சக்கரத்தில் உள்ள சிறிய முட்டு. அதை வெட்டி எறிந்துவிடலாம். மற்றொன்று, அச்சோடு சேர்ந்து திரும்பி அதன் கோணத்தைக் காட்டும் பொட்டன்ஷியோமீட்டர் என்னும் உறுப்பு. ஆர்டுயினோ 20 மில்லிசெகண்டுக்கு ஒருமுறை ஒரு துடிப்பை அனுப்புகிறது. அதன் அகலம் 1.5 மில்லிசெகண்டாக இருந்தால் நடுவில் நில் என்றும், ஏறினாலோ குறைந்தாலோ இன்ன பக்கம் திரும்பு என்றும் பொருள். சர்வோவுக்குள் இருக்கும் சிறு சுற்று, வந்த கட்டளையையும் பொட்டன்ஷியோமீட்டர் காட்டும் கோணத்தையும் ஒப்பிட்டுப் பார்த்து, இரண்டுக்கும் வித்தியாசம் இருக்கும்வரை மோட்டாரை ஓட்டி, வித்தியாசம் மறைந்ததும் நிறுத்திவிடுகிறது. அந்தப் பொட்டன்ஷியோமீட்டரை எடுத்து, நீண்ட கம்பிகளால் இணைத்து, முழங்கையின் கீலில் வைத்துவிட்டால் என்ன ஆகும்? தன் அச்சின் கோணத்தையே இன்னும் பார்த்துக்கொண்டிருப்பதாக எண்ணும் அச்சுற்று, முழங்கை சொன்ன இடத்துக்கு வந்து சேரும்வரை, பத்துச் சுற்றானாலும் இருபது சுற்றானாலும், சளைக்காமல் மோட்டாரை ஓட்டுகிறது. ஆர்டுயினோவின் நிரலில் ஒரு வரியைக்கூட மாற்ற வேண்டியதில்லை. கடையில் விற்கும் மலிவான உறுப்பை அதற்கே தெரியாமல் ஏமாற்றி வேலை வாங்கும் இந்த யுக்தியை, இவ்வடிவமைப்பிலேயே தலைசிறந்த அம்சமாக நான் கருதுகிறேன்.

என்னைச் சங்கடப்படுத்துவதும் இதுவே. இடம் மாற்றிய பொட்டன்ஷியோமீட்டரின் இரு ஓரக் கம்பிகளை மாற்றிச் சால்டர் செய்துவிட்டால், வித்தியாசத்தைக் குறைக்க வேண்டிய மோட்டார் அதைப் பெருக்கும் திசையிலேயே ஓடத் தொடங்கும். ஓட ஓட வித்தியாசம் வளரும். முட்டு வெட்டப்பட்டுவிட்டபடியால், பற்கள் நொறுங்கும்வரை அதைத் தடுக்க ஒன்றுமில்லை. நடுக் கம்பி அறுந்தாலும் கதி ஏறக்குறைய இதுதான். இத்தனையும் நடக்கையில் ஆர்டுயினோவுக்கு எதுவும் தெரியாது. ஏனெனில் சர்வோவுக்குச் செல்லும் கம்பிகள் மூன்றில் இரண்டு மின்சாரத்துக்கு, ஒன்று கட்டளைக்கு, பதில் வருவதற்கு ஒன்றுமில்லை. கை மேஜையில் சிக்கித் திணறும்போதும், தான் இட்ட கட்டளை நிறைவேறிவிட்டதாகவே நிரல் மேலே செல்லும். செயற்கை நுண்ணறிவு படைத்தது, சூழ்நிலையை உணர்வது என்றெல்லாம் அறிவிப்புப் பலகை எழுதி மேடையேற்றப்படும் உருவங்களில் எத்தனை, தம் கை எங்கே இருக்கிறது என்பதை அறியும் என்று பார்வையாளர்கள் கேட்டுப் பார்க்கலாம். பொட்டன்ஷியோமீட்டரின் நடுக் கம்பியிலிருந்து ஒரு கிளையை ஆர்டுயினோவின் அனலாக் முனைக்குக் கொண்டுபோய், கோணம் மாறாமல் நின்றாலோ எதிர்த்திசையில் போனாலோ மின்சாரத்தைத் துண்டிக்கும்படி ஒரு ரிலேயை வைப்பது பெரிய செலவன்று. முதல் சோதனையின்போதாவது திருகைக் கழற்றி வைத்து, மோட்டார் ஓடும் திசையைக் கண்ணால் பார்த்துக்கொள்வது அவசியம்.

எஞ்சிய கேள்விகளுக்குச் சுருக்கமாக:

நடக்குமா? பெரும்பாலோர் செய்வது பீடத்தில் நிறுத்திய, இடுப்புக்கு மேற்பட்ட உருவமே, நடக்காது.

ஆர்டுயினோவிலிருந்தே மோட்டாருக்கு மின்சாரம் எடுக்கலாமா? கூடாது, தனி 6 வோல்ட் பாட்டரி வேண்டும், கிரவுண்ட் கம்பி மட்டும் பொதுவாக இருக்கட்டும்.

பிஎல்ஏ பிளாஸ்டிக் போதுமா? 60 டிகிரி செல்சியஸ் அளவில் இளகிவிடும். மோட்டாரைத் தொடும் பாகங்களுக்கு ஏபிஎஸ்.

செய்ததை விற்கலாமா? வடிவமைப்பைத் திறந்து வைத்திருக்கிறார்களேயன்றி, வியாபாரத்துக்கு உரிமம் இடம் தரவில்லை.

கண்காட்சிக்குள் முழு உருவத்தையும் முடிக்க முடியுமா? முடியாது, ஒரு கைக்குப் பெயர் கொடுங்கள்.