கை கால் வலிக்குப் பிசைந்து விடலாம்... எந்த வலிக்குக் கூடாது?

ராஜபாளையம் மாந்தோப்புகளில் அறுவடை நாட்களில், அண்ணாந்து தொரட்டி பிடித்தவருக்கு மாலையில் கழுத்தைத் திருப்ப முடியாது. ஸ்ரீவில்லிபுத்தூர் கண்மாய்ப் பாசன வயலில் நாள் முழுக்கக் குனிந்து நாற்று நட்டவருக்கு இடுப்பு நிமிராது. 16 லிட்டர் கைத்தெளிப்பானைச் சுமப்பவருக்குத் தண்ணீர் மட்டுமே 16 கிலோ. பயிருக்கு வந்த நோயைப் பற்றிக் கேட்க வரும் விவசாயிகள், பேச்சு முடிந்ததும் தோளைத் தடவிக்கொண்டே, "இதுக்கு என்ன செய்யலாம்?" என்று கேட்பதுண்டு. நான் படித்தது உழவியல், மருத்துவம் அல்ல. ஆனாலும் உழவுக்கு முதல் கருவி உழவரின் உடம்புதான் என்பதால், இந்த வாரம் அதைப் பற்றிப் பார்ப்போம்.

வலி ஏன் வருகிறது?

கடுமையான அல்லது பழகாத வேலையைச் செய்யும்போது தசை நார்களில் மிக நுண்ணிய சேதம் ஏற்படுகிறது. அதைச் சரிசெய்ய உடல் முயலும்போது வலியும் இறுக்கமும் தோன்றும். அதனால்தான் வேலை செய்த அன்றைவிட மறுநாளோ அதற்கு அடுத்த நாளோ வலி கூடுகிறது. பெரும்பாலும் சில நாட்களில் தானாகவே குறைந்துவிடும்.

பிசைவதால் என்ன பயன்?

2012-ல் கனடாவின் மெக்மாஸ்டர் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 11 இளைஞர்களைக் களைத்துப்போகும்வரை சைக்கிள் மிதிக்க வைத்தனர். பிறகு ஒரு காலை மட்டும் 10 நிமிடம் பிடித்துவிட்டு, இரு கால்களின் தசையையும் சோதித்தனர். பிடித்துவிட்ட காலில் அழற்சிக்கான அறிகுறிகள் குறைந்திருந்தன. 'பிடித்துவிட்டால் தசையில் தேங்கிய அமிலம் வெளியேறும்' என்று பலரும் சொல்வதுண்டு. அந்தச் சோதனையில் அப்படி எதுவும் தெரியவில்லை. ஆக, வலி சற்றுக் குறையும், இறுக்கம் தளரும், நல்ல தூக்கம் வரும். இவ்வளவுதான் பயன். ஆனால் மறுநாளும் வயலுக்குப் போக வேண்டியவருக்கு இது சிறிய பயன் அல்ல.

எப்படிச் செய்வது?

* மருந்து தெளித்து வந்தவர் முதலில் சோப்புப் போட்டுக் குளித்து, உடை மாற்ற வேண்டும். மருந்து படிந்த தோலில் எண்ணெய் தேய்க்கவே கூடாது.
* இளஞ்சூடான நல்லெண்ணெய் அல்லது தேங்காய் எண்ணெய் சில துளிகள் போதும்.
* முதலில் உள்ளங்கையால் மெதுவாக நீவுங்கள். பிறகு கட்டைவிரலுக்கும் மற்ற விரல்களுக்கும் இடையில் சதையைப் பற்றி, சற்றுத் தூக்கி, அழுத்தி விடுங்கள். சப்பாத்தி மாவு பிசைவது போலத்தான்.
* பிடித்துவிடும்போது அவர் மூச்சைப் பிடித்துக்கொண்டால் அழுத்தம் அதிகம் என்று பொருள். உடனே குறையுங்கள்.
* ஒரு பகுதிக்கு 5 முதல் 10 நிமிடம் போதும். தண்டுவடம், எலும்பு, தொண்டைப் பகுதி, முழங்காலின் பின்பள்ளம் ஆகியவற்றை அழுத்த வேண்டாம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். நடவு முடிந்து வீடு திரும்பும் பெண்ணுக்கு அடுப்படி வேலையும் காத்திருக்கிறது. அவரது தோளை யார் பிடித்துவிடுகிறார்கள்? அந்த 10 நிமிடம் அவருக்கும் உரியது.

இந்த வலிக்குப் பிசையாதீர்கள்!

1. காய்ச்சலும் கெண்டைக்கால் வலியும்: தேங்கிய நீரில் வேலை செய்தவருக்குக் காய்ச்சல், தலைவலி, கண் சிவப்பு, கெண்டைக்காலில் கடும் வலி என வந்தால் எலிக்காய்ச்சலாக இருக்கலாம். எலியின் சிறுநீர் கலந்த நீர், காலில் உள்ள கீறல் வழியாகக் கிருமியைச் சேர்த்துவிடும். சில நாட்கள் கழித்தே காய்ச்சல் வருவதால், வேலை செய்த அலுப்பு என்று இருந்துவிடுவோம். தொடக்கத்திலேயே சிகிச்சை பெற்றால் குணமாகும்; விட்டுவிட்டால் சிறுநீரகமும் கல்லீரலும் பாதிக்கப்படலாம். ஆரம்ப சுகாதார நிலையத்தில், "வயல் தண்ணீரில் வேலை செய்தேன்" என்று மறக்காமல் சொல்லுங்கள்.

2. மருந்து தெளித்தபின் தசைத் துடிப்பு: அதோடு வியர்வை, எச்சில் வடிதல், வாந்தி, கண் மங்கல் இருந்தால் அது நஞ்சு ஏறியதன் அறிகுறி. உடனே 108-ஐ அழையுங்கள். மருந்து டப்பாவின் லேபிளையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள்.

3. நெஞ்சு அழுத்தத்துடன் இடது தோள், தாடை, கை வலி: சுமை தூக்கிய வலி என்று நினைத்து எண்ணெய் தேய்த்துக்கொண்டிருக்க வேண்டாம். மாரடைப்பாக இருக்கலாம்.

4. ஒரு கால் மட்டும் வீங்கிச் சூடாக இருத்தல்: ரத்தக் கட்டியாக இருந்தால், பிசையும்போது அது நகர்ந்து நுரையீரலை அடைக்கக்கூடும்.

மரத்திலிருந்து விழுந்தவரையும் உருவிவிடக் கூடாது. எலும்பு முறிவு இல்லை என்று மருத்துவர் சொன்ன பிறகே மற்றதெல்லாம்.

வலி வராமல் இருக்க...

தெளிப்பானை முழுக்க நிரப்பாமல் முக்கால் அளவு நிரப்புங்கள். தோள்பட்டி அகலமாக இருக்கட்டும். களைக்கருவியின் பிடி, குனியாமல் வேலை செய்யும் உயரத்தில் இருக்க வேண்டும். மாங்காய்ப் பெட்டியை இருவராகத் தூக்குங்கள். மணிக்கு ஒருமுறை 5 நிமிடம் நிமிர்ந்து நின்று தண்ணீர் குடியுங்கள்.

விரிவாக்கப் பணியாளர்களுக்கு ஒரு வேண்டுகோள்: மழைக்கால வயல்வெளிப் பயிற்சிகளில் பூச்சி, நோய் பற்றிப் பேசி முடித்ததும், எலிக்காய்ச்சல் பற்றி இரண்டு நிமிடம் பேசுங்கள். ஓர் உயிரைக் காப்பாற்ற அது போதுமானதாக இருக்கலாம்.

- கட்டுரையாளர், வேளாண் விஞ்ஞானி