படகின் நாடி

பழவேற்காடு ஏரியில் ஒரு காலை. மீன்பிடிக்கும் நண்பர் ஒருவரின் ஃபைபர் படகில், தூண்டில் போடும் ஆசையோடு கிளம்பினோம். கரையை விட்டுப் பத்து நிமிடம் ஆகியிருக்கும். நன்றாக ஓடிக்கொண்டிருந்த அவுட்போர்டு எஞ்சின் குரல் கம்மி, இரண்டு முறை இருமி, நின்றுவிட்டது. டேங்கில் முக்கால்வாசி பெட்ரோல் இருந்தது. ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிப் பார்க்கலாமா என்று கேட்டேன். அவர் பதில் சொல்லாமல் முதலில் நங்கூரத்தைப் போட்டார். பிறகு டேங்கிலிருந்து எஞ்சினுக்குப் போகும் குழாயைக் கையில் எடுத்தார். அதன் நடுவே இருக்கும் கறுப்பு ரப்பர் பல்பு, சப்பிப் போட்ட மாங்கொட்டை மாதிரி ஒட்டிப்போயிருந்தது. டேங்க் மூடியின் மேலிருந்த சின்னத் திருகைத் தளர்த்தினார். ‘உஸ்ஸ்’ என்று காற்று உள்ளே போனது. பல்பு மெல்ல உப்பியது. நாலு அமுக்கு அமுக்கிவிட்டுக் கயிற்றை இழுத்தார், எஞ்சின் பிடித்துக்கொண்டது.

“டேங்குக்கு மூச்சு வழியைத் திறக்க மறந்துட்டேன்ணே” என்றார்.

எண்ணெய் டின்னில் ஒரே ஒரு ஓட்டை போட்டுச் சாய்த்தால் எண்ணெய் திக்கித் திக்கித்தான் விழும். அதனால்தான் கடைக்காரர் எதிர் மூலையில் இன்னொரு ஓட்டை போடுகிறார். படகிலும் அதே கணக்குதான். எஞ்சின் பெட்ரோலை உறிஞ்சுகிறது என்பது நம் பேச்சு வழக்கு. உண்மையில் பம்ப் தன் பக்கத்தில் அழுத்தத்தைக் கொஞ்சம் குறைக்கிறது, அவ்வளவே. டேங்குக்குள் பெட்ரோலின் மேல், சதுர சென்டிமீட்டருக்கு ஏறக்குறைய 1 கிலோ எடையோடு அழுத்தும் காற்றுதான் அதைக் குழாய்க்குள் தள்ளிவிடுகிறது. காற்றுத் திருகு மூடியிருந்தால், பெட்ரோல் குறையக் குறைய உள்ளிருக்கும் காற்று விரிந்து நலிகிறது. தள்ளும் பலமும் போய்விடுகிறது. எஞ்சின் உடனே நிற்காமல் பத்து நிமிடம் போக்குக் காட்டியதற்கு அதுதான் காரணம்.

அந்த ரப்பர் பல்புதான் படகின் நாடி. அதன் இரு முனைகளிலும் ஒருவழி வால்வுகள் உண்டு. மேலே போட்டிருக்கும் அம்புக்குறி எஞ்சினைப் பார்த்திருக்க வேண்டும். அமுக்கினால் பெட்ரோல் எஞ்சின் பக்கம் போகும். விட்டால் டேங்கிலிருந்து ஊறும். இரண்டுக்கும் நடுவில் இருப்பதால், கோளாறு எந்தப் பக்கம் என்று அதைத் தொட்டே சொல்லிவிடலாம்.

பல்பு ஒட்டிப்போயிருந்தால் அடைப்பு டேங்க் பக்கம். காற்றுத் திருகு, டேங்கின் அடியில் இருக்கும் சல்லடை, உட்பக்கம் உரிந்து மடிந்த குழாய் என்று வரிசையாகப் பார்க்க வேண்டும்.

எத்தனை முறை அமுக்கியும் பல்பு கெட்டிப்படவில்லையா? எங்கோ காற்று புகுகிறது, அல்லது வால்வு சரியாக மூடவில்லை. இங்கேதான் பலரும் ஏமாறுகிறார்கள். ஓட்டை இருந்தால் பெட்ரோல் கசிய வேண்டுமே என்று குழாயைத் தடவிப் பார்ப்பார்கள். அது காய்ந்து கிடக்கும். எஞ்சின் ஓடும்போது குழாய்க்குள் அழுத்தம் வெளியைவிடக் குறைவு. அதனால் பெட்ரோல் வெளியே வராது, காற்றுதான் உள்ளே போகும். நடுவில் ஒரு சாண் நீளத்துக்கு, பெட்ரோலுக்குத் தாங்கும், உள்ளே இருப்பது தெரியும் குழாயைக் கொஞ்ச நேரம் பொருத்தி ஓட்டினால், குமிழிகள் வரிசைகட்டிப் போவது தெரிந்துவிடும்.

பல்பு கெட்டியாக இருந்தும் எஞ்சின் பிடிக்கவில்லை என்றால் ஃபில்டரையோ கார்புரேட்டரையோ பார்க்க வேண்டும். பல மாதம் கிடந்த பெட்ரோல் பிசினாகி, கார்புரேட்டரின் ஊசித்துளையை அடைத்திருக்கலாம். எஞ்சின் திணறும் நேரத்தில் பல்பை விடாமல் அமுக்கினால் தெம்பாக ஓடுகிறதா? அப்படியானால் பம்ப் செய்ய வேண்டிய வேலையைக் கை செய்கிறது. பம்ப்புக்குள் இருக்கும் மெல்லிய சவ்வு கிழிந்திருக்கலாம்.

இவை எதுவும் இல்லையென்றால் தண்ணீரைச் சந்தேகியுங்கள். இப்போது நம் பெட்ரோலில் 20 சதவீதம் வரை எத்தனால் கலக்கிறார்கள். எத்தனால் காற்றின் ஈரத்தையும் இழுத்துக்கொள்ளும். 10 சதவீதக் கலவையே 15 டிகிரி வெப்பநிலையில் லிட்டருக்கு ஏறக்குறைய 5 மில்லி தண்ணீர்வரை தாங்கும். அதற்கு மேல் போனால் தண்ணீர் எத்தனாலையும் சேர்த்து இழுத்துக்கொண்டு அடியில் தங்கிவிடும். டேங்கிலிருந்து எஞ்சினுக்குப் போகும் குழாயின் வாயும் அடியில்தான் இருக்கிறது! டேங்கின் அடியிலிருந்து கொஞ்சம் எடுத்துக் கண்ணாடி பாட்டிலில் அசையாமல் வைத்தால், இரண்டு அடுக்காகப் பிரிவது கண்ணுக்கே தெரியும். பீடி, சிகரெட் பக்கத்தில் வேண்டாம். பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது. பறந்துபோகாமல் படகின் அடித்தட்டில் தேங்கி நிற்கும்.

வெயில் ஏறியதும் கரை திரும்பினோம். மீனொன்றும் சிக்கவில்லை. இறங்கியதும் நண்பர் முதல் வேலையாக அந்தத் திருகை இறுக்கி மூடினார். ஆவி வெளியேறாமல் இருக்க அது வேண்டிய பழக்கம்தான். அவர் மறந்தது காலையில் திறப்பதை. கொஞ்சம் யோசித்துவிட்டு, ஒரு சிவப்புத் துணியைக் கிழித்து எஞ்சின் கயிற்றுப் பிடியில் கட்டினார். நாளைக்கு அதை அவிழ்க்காமல் கயிற்றை இழுக்க முடியாது.