சத்தம் கேட்குது, பேச்சு புரியலையா? கைகொடுக்கும் 'பாக்கெட் ரிசீவர்'! இயக்குவது எப்படி?

பொன்னேரி,

பழவேற்காடு ஏரியை ஒட்டிய காட்டூர் போன்ற கிராமங்களில், படகு என்ஜின் இரைச்சலிலேயே பல வருடம் தொழில் பார்த்த பெரியவர்களுக்கு காது மந்தமாவது உண்டு. கிராமசபை கூட்டத்தில் ஸ்பீக்கர் அலறும். ஆனாலும் "என்னப்பா சொல்றாங்க?" என்று பக்கத்தில் இருப்பவரை கேட்க வேண்டியிருக்கும். புயல் எச்சரிக்கை, நிவாரண விவரம் போன்ற முக்கிய தகவல்கள் இதனால் தவறிப் போகின்றன.

காதில் மெஷின் மாட்டியும் ஏன் இந்த சிக்கல்? மெஷின், பேச்சோடு சேர்த்து பேன் சத்தம், கூட்டத்தின் சலசலப்பு எல்லாவற்றையும் பெரிதாக்குகிறது. திறந்தவெளியில் பேசுபவருக்கும் கேட்பவருக்கும் உள்ள தூரம் 2 மடங்கானால் ஒலி 6 டெசிபல் குறைந்துவிடும்.

இதற்கு தீர்வுதான் ரேடியோ ரிசீவர். பேசுபவரின் சட்டையில் சின்ன மைக், இடுப்பில் டிரான்ஸ்மிட்டர் இருக்கும். அவர் குரல் ரேடியோ அலையாக வந்து, கேட்பவர் பாக்கெட்டில் உள்ள ரிசீவர் வழியாக நேரே காதுக்கு போகும். கடைசி வரிசையில் உட்கார்ந்தாலும் பக்கத்தில் பேசுவது போல இருக்கும்.

இயக்கும் முறை வருமாறு:-

* முதலில் பேட்டரியை பார்க்க வேண்டும். சார்ஜ் ஏறாத சாதாரண பேட்டரியை சார்ஜரில் போடவே கூடாது.

* டிரான்ஸ்மிட்டரும் ரிசீவரும் ஒரே சேனலில் இருக்க வேண்டும். சேனல் மாறினால் வெறும் இரைச்சல்தான்.

* சவுண்டை முழுசா குறைத்த பிறகே இயர்போனை மாட்ட வேண்டும். பிறகு மெதுவாக கூட்டலாம். எடுத்ததும் கூட்டினால் இருக்கிற கேட்கும் திறனும் பாதிக்கப்படும்.

* காது மெஷினில் 'டி' வசதி இருந்தால் இயர்போன் தேவையில்லை. ரிசீவரில் சொருகிய வளையத்தை கழுத்தில் போட்டு, மெஷினை 'டி'க்கு மாற்றினால் போதும்.

* மைக் வாயில் இருந்து ஒரு சாண் தூரத்துக்குள் இருக்க வேண்டும். பேசி முடித்ததும் மைக்கை ஆப் செய்யணும். இல்லாவிட்டால் டீக்கடை பேச்சும் எல்லார் காதிலும் விழும்!

ஒரு டிரான்ஸ்மிட்டர் இருந்தால், அதே சேனலில் எத்தனை ரிசீவரிலும் கேட்கலாம். எனவே ஆளுக்கு ஒரு செட் வாங்க தேவையில்லை. பள்ளி, ஆலயம், பஞ்சாயத்து என பொது இடத்துக்கு ஒரு செட் வாங்கி வைத்தால் பலருக்கு உதவும்.

"வயசானா அப்படித்தான்" என்று விட்டுவிடாமல், முதலில் அரசு ஆஸ்பத்திரி காது-மூக்கு-தொண்டை பிரிவில் பரிசோதிப்பது அவசியம். வெறும் அழுக்கு அடைப்பாக இருந்தால் அங்கேயே சரியாகிவிடும். 2016-ம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமை சட்டப்படி, இரு காதிலும் 60 முதல் 70 டெசிபல் வரை இழப்பு இருந்தால் 'கேட்கும் திறன் குறைந்தவர்' என்று சான்று பெறலாம். அரசு உதவி கேட்க இந்த சான்றுதான் முதல் படி.