எஞ்சின் முடுக்கும் முன்

1935 அக்டோபர் 30. அமெரிக்காவின் ஓஹியோ மாநிலத்தில் உள்ள ரைட் ஃபீல்டு தளத்திலிருந்து போயிங் மாடல் 299 என்ற நான்கு எஞ்சின் குண்டுவீச்சு விமானம் சோதனைக்காகக் கிளம்பியது. எழும்பிய வேகத்தில் மூக்கை மேலும் மேலும் தூக்கி, வேகமிழந்து, விழுந்து எரிந்தது. ஓட்டிய மேஜர் பிளாயர் ஹில்லும் போயிங்கின் சோதனை விமானி லெஸ்லி டவரும் இறந்தார்கள். எஞ்சினில் எந்தக் கோளாறும் இல்லை. நிறுத்தி வைத்த விமானத்தின் வால் பலகைகள் காற்றில் அடித்துக்கொள்ளாமல் இருக்கப் போடும் 'கஸ்ட் லாக்' பூட்டை எடுக்க மறந்திருந்தார்கள். விமானிகள் கையில் செக்லிஸ்ட் வந்தது அந்த விபத்துக்குப் பிறகுதான்.

2014 மே 31 அன்று மாசசூசெட்ஸின் பெட்ஃபோர்டில் அதே கதை நடந்தது. கஸ்ட் லாக்கை விடுவிக்காமலேயே கிளம்பிய கல்ஃப்ஸ்ட்ரீம் ஜெட் ஓடுபாதையைத் தாண்டி ஓடி எரிந்தது. உள்ளே இருந்த 7 பேரும் இறந்தார்கள். அனுபவம் மிகுந்த அந்த இரு விமானிகளும் அதே விமானத்தில் முன்பு செய்த 175 புறப்பாடுகளில் 98 சதவீதத்தில், கட்டுப்பாடுகளை முழுமையாக அசைத்துப் பார்த்ததே இல்லை என்று விசாரணையில் தெரியவந்தது.

இந்த அலட்சியம் ஒரே நாளில் வருவதில்லை. அதற்கு விதை பயிற்சிப் பள்ளியில் விழுகிறது என்பதே என் எண்ணம்.

பயிற்சி விமானமான செஸ்னா 172-ல் இந்தப் பூட்டு ஒரு வளைந்த கம்பிதான். அதில் சிவப்புத் தகடு ஒன்று இருக்கும். சாவி போடும் இடத்தை அது மறைத்துக்கொண்டு நிற்கும். அதை எடுக்காமல் எஞ்சினை முடுக்க முடியாதபடி செய்த நல்ல ஏற்பாடு அது. ஆனால் கம்பி தொலைந்துவிட்டால், கையில் கிடைத்த போல்ட்டையோ ஆணியையோ செருகிவிடும் வழக்கம் உண்டு. ஆணியில் சிவப்புத் தகடு இல்லை. அவசரத்தில் இருக்கும் மாணவர் கண்ணில் அது படாமலே போகலாம்.

பெட்ரோல் சோதனையும் இப்படித்தான். டாங்கின் அடியில் சிறு குப்பியை அழுத்தி மாதிரி எடுப்பார்கள். தண்ணீர் கனமானது, அடியில் தங்கும், இரண்டுக்கும் நடுவே கோடு தெரியும் என்று பாடத்தில் படித்த மாணவர் அந்தக் கோட்டைத் தேடுகிறார். கோடு இல்லை, குப்பி தெளிவாக இருக்கிறது, 'சரி' என்று நகர்ந்துவிடுகிறார். குப்பி முழுக்கவே தண்ணீராக இருந்தாலும் கோடு தெரியாதே! விமானத்தில் போடும் 100எல்எல் பெட்ரோல் இளநீல நிறம். குப்பியை வெள்ளைப் பின்னணியில் பிடித்து நிறத்தைப் பார்க்க வேண்டும், முகர்ந்தும் பார்க்க வேண்டும். மழை இரவுக்கு மறுநாள் காலையில் இதைத் தவறவிட்டால், ஓடுபாதையை விட்டு எழும்பியதும் எஞ்சின் நின்றுவிடலாம்.

இறக்கை மேல் ஏறி டாங்க் மூடியைக் கையால் திருகிப் பார்ப்பதும், அளவுகோலை விட்டுப் பார்ப்பதும் பலருக்கு வேண்டாத வேலையாகப் படுகிறது. மூடி தளர்ந்திருந்தால், பறக்கும்போது இறக்கையின் மேல்புறத்தில் ஏற்படும் குறைந்த அழுத்தமே பெட்ரோலை உறிஞ்சி வெளியே கொட்டிவிடும். வேகத்தைக் காட்டும் பிட்டோ குழாய்க்குள் குளவி கூடு கட்டினால் முள் பொய் சொல்லும். 1996 பிப்ரவரியில் டொமினிகன் குடியரசின் கடற்கரைக்கு அப்பால் 189 பேரோடு பிர்கன்ஏர் விமானம் விழுந்ததற்கு, பெரும்பாலும் குளவிக்கூடே காரணமாக இருக்கும் என்று விசாரணை சொன்னது.

தெரிந்தும் ஏன் தவறுகிறது? நேற்று இருந்தபடியே இன்றும் இருக்கும் என்று நம்பும் கண், பார்க்காததையும் பார்த்ததாகக் கணக்கு வைத்துக்கொள்கிறது. இடையில் ஒரு போன் வந்தால் போதும், இரண்டு படி விட்டுப்போகும். இதைவிட எனக்குக் கோபம் தருவது பணக் கணக்கு. வணிக விமானி உரிமத்துக்கு நம் நாட்டில் பணம் கட்டி 200 மணி நேரம் பறந்திருக்க வேண்டும். விமானத்தைச் சுற்றிப் பார்க்கும் நேரம் அந்தக் கணக்கில் வராது. வரிசையில் அடுத்த மாணவர் காத்திருக்கிறார், வெயில் ஏறுகிறது. எந்தப் பதினெட்டு வயதுப் பிள்ளைக்கும் அந்த நேரம் வீணாகத்தான் தோன்றும்.

ஆகவே பயிற்றுநர்களிடம் ஒரு வேண்டுகோள். மாணவர் விமானத்தைச் சுற்றி வரும்போது நீங்களும் கூட நடங்கள். சில நாட்களில் வேண்டுமென்றே ஒரு மூடியைத் தளர்த்தி வைத்து, கண்டுபிடிக்கிறாரா என்று பாருங்கள். நடுவில் யாராவது கூப்பிட்டால் முதலிலிருந்து தொடங்கச் சொல்லுங்கள். அதனால் தாமதமாகும் மாணவரைத் திட்டாதீர்கள்.